உள்ளே ஒருவர் இருக்கிறார்

அந்த நூலகத்தின் இரண்டாம் மாடியில், ஆசியவியல் பிரிவில், அண்ணி என்றால் தெரியாதவர் கிடையாது. உண்மையில் அவள் ஒரே ஒருத்திக்குத்தான் அண்ணி. கணவனின் தங்கை அங்கே ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த முதல் வாரம், வாசிப்பறையில் நாற்பது பேர் தலை குனிந்து படித்துக்கொண்டிருந்தபோது, "அண்ணி, இந்த பிரிண்டர் பேப்பரைத் தின்னுடுச்சு" என்று உரக்கக் கூப்பிட்டாள். அன்றோடு நூலகரின் சொந்தப் பெயர் போயிற்று. அவளை விடப் பத்து வயது மூத்த இயக்குநர்கூட ஒரு கூட்டத்தில் வாய் தவறி அண்ணி என்றார். பிறகு அதையே வைத்துக்கொண்டார்.

அண்ணியின் பெருமை புத்தக அலமாரிகளில் இல்லை. இணையத்தில் அவள் கட்டி வைத்திருந்த வழிகாட்டிப் பக்கத்தில் இருந்தது. ஆசியாவைப் பற்றி ஆராய்கிறவர்களுக்கு என்னவெல்லாம் வேண்டுமோ அத்தனையும் அதில் உண்டு. ஓலைச்சுவடிப் படங்கள், பழைய நிலப்படங்கள், அகராதிகள், படமாக இருக்கும் பக்கத்தை எழுத்தாக மாற்றித் தரும் கருவிகள் என்று மொத்தம் இருநூற்றுப் பதினான்கு இணைப்புகள். ஒன்றாவது அறுந்திருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. எட்டு மாதத்துக்கு முன் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய், இணைப்புகளைத் தானே தட்டிப் பார்த்து, உயிரோடு இருந்தால் பச்சை, செத்திருந்தால் சிவப்பு என்று காட்டும் கணினி நிரல் ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்தாள். மற்ற நூலகர்கள் அதை வாரம் ஒருமுறை ஓட விட்டார்கள். அண்ணி கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட விட்டாள். செய்வன திருந்தச் செய்கிறேன் என்று கிளம்பினால் அவளைப் பிடித்து நிறுத்த ஆள் கிடையாது.

அந்த இருநூற்றுப் பதினான்கில் ஒன்றுதான் துறைமுக நாளிதழ்த் தொகுப்பு. நூறு, நூற்றைம்பது வருடத்துக்கு முன் ஆசியத் துறைமுக ஊர்களில் வந்த செய்தித்தாள்களைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் போட்டிருக்கும் தளம். நூலகக் கட்டடத்துக்குள் மட்டும்தான் திறக்கும். அதிலும் ஒரு நேரத்தில் ஒரே ஒருவர்தான் உள்ளே இருக்கலாம், வாங்கிய அனுமதி அவ்வளவுதான். அவர் வெளியேற வேண்டும், அல்லது இருபது நிமிடம் எதையும் தொடாமல் இருக்க வேண்டும், அப்போதுதான் அடுத்தவருக்குக் கதவு திறக்கும். இன்னொரு அனுமதி வாங்கலாமே என்று கேட்டால் இயக்குநர் கூரையைப் பார்ப்பார்.

எட்டு மாதமாக அந்தக் கதவு யாருக்கும் திறக்கவில்லை. எப்போது போனாலும், "உள்ளே ஒருவர் இருக்கிறார். பிறகு முயலவும்" என்று ஒரே பதில். அதனால் அதிகம் நொந்தவள் நாத்தனார்தான். நூறு வருடத்துக்கு முன் யானை, குதிரை, கோமாளியோடு கப்பல் ஏறித் துறைமுகம் துறைமுகமாகச் சுற்றிய ஒரு சர்க்கஸ் கம்பெனியைப் பற்றி அவள் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். கம்பெனி என்றைக்கு எந்த ஊரில் கூடாரம் போட்டது என்பதற்கு அந்த நாளிதழ்கள்தான் ஆதாரம். உள்ளே போக முடியாததால், வேறு யாரோ எழுதிய புத்தகத்தில் இருந்ததை நம்பி ஓர் அத்தியாயத்தை முடித்திருந்தாள்.

ஆய்வேட்டை மதிப்பிட்ட தேர்வாளர் அந்த இடத்தில்தான் கையை வைத்தார். "இந்தத் தேதியில் இந்தத் துறைமுகத்தில் காட்சி நடந்தது என்கிறீர்கள். மூல நாளிதழைப் பார்த்தீர்களா?" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். பார்த்து, திருத்தி, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேட்டைத் திரும்பக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் வேறொரு கல்லூரியில் காத்திருக்கும் ஆசிரியர் வேலை அவளுக்கு. கொடுக்காவிட்டால் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு. ஆறு வருட உழைப்பு ஒரே ஒரு பழைய செய்தித்தாள் பக்கத்தில் வந்து மாட்டிக்கொண்டது.

"எவன் அண்ணி அது?" என்று திங்கட்கிழமை இரவு சாப்பாட்டு மேசையில் நாத்தனார் கேட்டாள். "அவனுக்குச் சாப்பாடு தண்ணி கிடையாதா? பாத்ரூம் போக மாட்டானா?"

"நான் கண்டுபிடிக்கறேன் சின்னு. நீ சாப்பிடு."

"எட்டு மாசமா இதையே சொல்றீங்க."

அண்ணியின் கணவன் தட்டை மட்டும் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். மனைவிக்கும் தங்கைக்கும் நடுவில் உட்கார்ந்து பழகியவன், எப்போது காது கேட்கக் கூடாது என்பது அவனுக்குத் தெரியும். நாத்தனார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் அறைக்குள் அழுதாள். அண்ணி பின்னாலேயே போய், அவள் தலையை மடியில் போட்டுக்கொண்டு தானும் அழுதாள். இப்படி அழுவது இது இரண்டாவது முறை.

உண்மையில் அண்ணி சும்மா இருக்கவில்லை. தளத்தை நடத்துகிறவர்களுக்கு எழுதிக் கேட்டிருந்தாள். "உங்கள் கட்டடத்திலிருந்து ஒருவர் காலை முதல் மாலை வரை தொடர்ந்து பயன்படுத்துகிறார். எங்கள் தொகுப்பின் மேல் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. கட்டடம் முழுவதும் ஒரே முகவரியில்தான் வெளியே போகிறது, ஆகவே எந்தக் கணினி என்று அவர்களால் சொல்ல முடியாதாம். மாதா மாதம் அவர்கள் அனுப்பும் கணக்கில் மட்டும் அந்தத் தொகுப்பு நூலகத்திலேயே முதலிடம். எட்டு மாதத்தில் ஆறாயிரத்துச் சொச்சம் முறை. இயக்குநர் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு எல்லாக் கூட்டத்திலும் ஆடினார்.

தளம் பழுதாகியிருக்குமோ என்றும் பார்த்தாள். நிரல் பச்சை காட்டியது. எட்டு மாதத்தில் ஒரு முறைகூட அது சிவப்பாகவில்லை. ஆக, தளத்தில் குறை இல்லை. குறை மனிதர்களிடம் என்று முடிவு கட்டினாள்.

மனிதர் யாரென்பதிலும் சந்தேகம் இல்லை. மூன்றாம் மாடியில் ஒரு வரலாற்றுப் பேராசிரியர் இருந்தார். காலை ஒன்பது மணிக்கு வாசிப்பறைக்கு வந்து, ஜன்னலோர நாற்காலியில் தன் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போவார். பதினொன்றரைக்குத்தான் ஆள் வரும். அதுவரை கோட்டு உட்கார்ந்திருக்கும். கோட்டு சார் என்று பெயரே ஆகிவிட்டது. நாற்காலியிலேயே இடம் பிடிக்கிறவர் இணையத்தில் விடுவாரா? செவ்வாய்க்கிழமை காலை அண்ணி துறையில் உள்ள நாற்பத்தாறு பேருக்கும் ஒரு மின்னஞ்சல் தட்டினாள். "துறைமுக நாளிதழ்த் தொகுப்பில் ஒருவர் நாள் முழுவதும் இடம் பிடித்து வைத்திருக்கிறார். அவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும். பொது இடத்தில் உட்காரத் தெரிந்தவர்களுக்கு எழுந்திருக்கவும் தெரிய வேண்டும்." கடைசி வரியைத் தனக்குத்தானே இரண்டு முறை படித்துப் பார்த்து மகிழ்ந்தாள்.

மூன்று நாள் போயிற்று. உள்ளே இருந்தவர் எழுந்திருக்கவில்லை. நாத்தனார் காலையில் வந்து வாசிப்பறைக் கணினியில் உட்கார்ந்தால், மாலை வரை அந்த ஒரு பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தாள். வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு அண்ணிக்குப் பொறுமை போய்விட்டது. இன்றைக்கு அவரைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று மூன்றாம் மாடிக்கு ஏறினாள்.

கோட்டு சார் கதவைத் திறந்தார். அறைக்குள் கோட்டு இல்லாமல் பாதி ஆளாகத் தெரிந்தார். "வாங்க அண்ணி. உங்க மெயில் பார்த்தேன். நல்லா எழுதறீங்க."

"சார், நேராவே கேக்கறேன். அந்தத் தொகுப்பை விட்டு வெளியே வாங்க. ஒரு பொண்ணோட வாழ்க்கை மாட்டிக்கிட்டு இருக்கு."

அவர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். உள்ளே ஒருவர் இருக்கிறார், பிறகு முயலவும். அண்ணி குனிந்து அதை மறுபடி படித்தாள்.

"நானும் எட்டு மாசமா முட்டிக்கிட்டுத்தான் நிக்கறேன்" என்றார் அவர். "நீங்கதான் உங்க ஆளுங்களுக்கு இடம் பிடிச்சுக் கொடுக்கறீங்கன்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து விரித்தார். வரலாற்றுக்காரர் புத்தி எங்கே போகும்? ஒவ்வொரு முயற்சியையும் தேதி, நேரத்தோடு எழுதி வைத்திருந்தார். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை, மணிக்கு ஒருமுறை, ஒவ்வொரு மணியிலும் இருபது நிமிடம் தாண்டியதும். பக்கம் பக்கமாக 'இல்லை, இல்லை, இல்லை'. நடுவில் ஐந்தே ஐந்து நாள் மட்டும் 'கிடைத்தது' என்று சிவப்பில் வட்டம் போட்டிருந்தது.

அண்ணி குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் ஆவலில் அந்த ஐந்து தேதிகளையும் விரல் வைத்துப் படித்தாள். முதல் இரண்டு, அடுத்தடுத்த நாட்கள். எங்கேயோ கேட்ட தேதி மாதிரி இருந்தது. அவர்கள் வீடு மாற்றிய நாட்கள். மூன்றாவதும் நான்காவதும் கணவனுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது அவள் மருத்துவமனையில் இருந்த நாட்கள். ஐந்தாவது அன்று அவளுக்குக் கடுங்காய்ச்சல். எட்டு மாதத்தில் அவள் விடுப்பு எடுத்ததே இந்த ஐந்து நாள்தான். அந்த ஐந்து நாளும் நாத்தனாரும் அவள் கூடவேதான் இருந்தாள், பெட்டி தூக்கிக்கொண்டு, மாத்திரை கொடுத்துக்கொண்டு.

அண்ணியின் விரல் ஐந்தாவது தேதியிலேயே நின்றது. நூலகத்துக்கு முதலில் வருகிறவள் அவள், கடைசியில் போகிறவள் அவள். வந்ததும் கணினியைப் போடுவாள், போகும்போது அணைப்பாள். இடைப்பட்ட நேரமெல்லாம் அவள் நிரல் கால் மணிக்கு ஒருமுறை இருநூற்றுப் பதினான்கு கதவையும் தட்டும். மற்ற கதவுகள் திறந்து மூடிக்கொள்ளும். இந்த ஒரு கதவு மட்டும், தட்டினால் உள்ளே விட்டு இருபது நிமிடம் இடம் கொடுக்கும். இருபது நிமிடம் முடிவதற்குள் அடுத்த கால் மணி வந்து மறுபடி தட்டும். எட்டு மாதமாக உள்ளே உட்கார்ந்திருந்தது வேறு யாருமில்லை, அவளுடைய சுறுசுறுப்புதான்.

"என்ன, ஏதாவது தெரியுதா?" என்றார் கோட்டு சார்.

"இல்ல சார். ஒரு சின்ன விஷயம். பார்த்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அண்ணி படிகளில் இரண்டிரண்டாக இறங்கினாள். தன் அறைக்குப் போய் நிரலை நிறுத்தினாள். கடைசியாக அது தட்டிய நேரம் சரியாக இரண்டு மணி. இரண்டு இருபதுக்குக் கதவு திறக்கும். யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம், சின்னு உள்ளே போய் வேலையை முடித்துக்கொள்ளட்டும், மற்றதைப் பிறகு பூசி மெழுகிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள். வாசிப்பறைக்குப் போய் நாத்தனாரின் காதில், "ரெண்டு இருபத்தஞ்சுக்குத் தட்டு. அதுக்கு முன்னாடி தொடாதே" என்றாள். பாதுகாப்புக்கு ஐந்து நிமிடம் சேர்த்துச் சொன்னாள். திருந்தச் செய்கிற பழக்கம் அந்த நேரத்தில்கூட விடவில்லை.

இரண்டு இருபத்தைந்துக்கு நாத்தனார் தட்டினாள். உள்ளே ஒருவர் இருக்கிறார்.

"என்ன அண்ணி இது" என்றாள் நாத்தனார். குரலில் கோபம்கூட இல்லை. சோர்வு மட்டும்தான் இருந்தது. அதைக் கேட்க அண்ணியால் முடியவில்லை. யார் உள்ளே போயிருப்பார்கள் என்று யோசிக்கவும் வேண்டியிருக்கவில்லை. கோட்டு சாரின் நோட்டில் பார்த்ததுதான், மணிக்கு ஒருமுறை, இருபது நிமிடம் தாண்டியதும். மறுபடியும் மூன்றாம் மாடிக்கு ஓடினாள்.

கோட்டு சார் திரையோடு ஒட்டிக்கொண்டிருந்தார். "பேசாதீங்க. உள்ள இருக்கேன்."

"சார், அதைக் கொஞ்சம் விட்டுக் கொடுக்கணும். அஞ்சு மணிக்குள்ள அவ முடிச்சாகணும்."

"எட்டு மாசம் காத்துக்கிட்டு இருந்திருக்கேன். அஞ்சு மணிக்கு மேல கட்டடம் மூடிடும். திங்கக்கிழமை யாராவது மறுபடி வந்து உட்காந்துட்டா?"

"உட்கார மாட்டாங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"எனக்குத் தெரியும்."

"ஆதாரம்?" என்று கேட்டு முதல்முறையாக அவர் திரும்பினார். தேர்வாளரும் இவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள் போலிருக்கிறது. தளத்தில் ஏதோ கோளாறு, சரியாகிவிட்டது என்று சொல்ல அண்ணி வாயைத் திறந்தாள். மேசை மேல் அவருடைய நோட்டு திறந்தபடி கிடந்தது. அத்தனை 'இல்லை'களுக்கு முன்னால் பொய் வரவில்லை.

"நான்தான் சார் அது" என்றாள். நிரலையும் கால் மணியையும் ஐந்து விடுப்பு நாட்களையும் நின்றபடியே சொல்லி முடித்தாள். அவமானத்தில் காது இரண்டும் சுட்டன.

கோட்டு சார் அவளையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. "நாற்பத்தாறு பேர் அண்ணி" என்றார். "கேன்டீன்ல பக்கத்துல உட்கார்ந்த பையன்கூட, சார் எந்திரிக்கறீங்களான்னு கேட்டுட்டுச் சிரிச்சான். மூணு நாளா ரூம்லயே சாப்பிடறேன்."

"மன்னிச்சுக்கோங்க சார்."

"என்கிட்ட கேட்டா ஆச்சா? அந்த நாற்பத்தாறு பேருக்கும் எழுதுங்க. இன்னைக்கே." பிறகு திரையில் வெளியேறும் பொத்தானுக்கு அம்பைக் கொண்டுபோனார். பக்கத்தில் போய் நின்றது, தயங்கியது. திறந்திருந்த பழைய பக்கத்தில் இன்னும் இரண்டு வரி படித்துக்கொண்டார். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தட்டினார். "போகச் சொல்லுங்க அந்தப் பொண்ணை."

மூன்று மணிக்கு நாத்தனார் உள்ளே போனாள். கால் மணி நேரத்தில் அந்த நாளின் பக்கம் கிடைத்தது. அண்ணி பின்னால் நின்று தோளுக்கு மேலாகப் பார்த்தாள். அன்று காட்சி நடக்கவே இல்லை. ஊரே கூடாரத்துக்கு வந்து உட்கார்ந்திருக்க, யானை கப்பலை விட்டு இறங்க மறுத்துவிட்டதாம். பழக்குலை காட்டியும், வாத்தியம் வாசித்தும், கோமாளி காலில் விழுந்தும் அது அசையவில்லை. 'காட்சி சிறப்பாக நடந்தேறியது' என்று நாத்தனாரின் ஆய்வேட்டில் இரண்டு பக்கம் இருந்தது.

"போச்சா?" என்றாள் அண்ணி.

"எது போச்சு? இது எவ்வளவு நல்லா இருக்கு." நாத்தனாரின் முகம் மலர்ந்துவிட்டது. "நான் எழுதினது தப்பு. தப்புன்னு எழுதிட்டு, யானையை உள்ள போட வேண்டியதுதான். நீங்க போங்க அண்ணி, நிக்காதீங்க, எனக்குக் கை ஓடாது."

அண்ணி தன் அறைக்குப் போய் மின்னஞ்சலை எழுத உட்கார்ந்தாள். முதலில் எழுதியதில் நிரல்தான் குற்றவாளியாக இருந்தது. அழித்தாள். இரண்டாவதில் பயிற்சி வகுப்பு நடத்தியவர்கள் தலையில் பாதி விழுந்தது. அதையும் அழித்தாள். பக்கத்து அறையில் ஒரு பெண் தன் தப்பை இரண்டு பக்கத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள், நமக்கு நாலு வரி வரவில்லையே என்று வெட்கமாக இருந்தது. கடைசியில் எழுதினாள். "துறைமுக நாளிதழ்த் தொகுப்பில் எட்டு மாதமாக இடம் பிடித்து வைத்திருந்தது என் கணினி. கணக்கில் உள்ள ஆறாயிரத்துச் சொச்சமும் என்னுடையதே. செவ்வாய்க்கிழமை நான் யார் மேல் பழி போட்டேனோ அவர் எல்லோரையும் போல வெளியே காத்திருந்தவர். அவரிடமும் உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்." கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள். இயக்குநரிடமிருந்து இரண்டே நிமிடத்தில், "திங்கட்கிழமை காலை வந்து பார்க்கவும்" என்று வந்தது. அதில் அண்ணி என்ற சொல் இல்லை.

நான்கு ஐம்பத்திரண்டுக்கு ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. நாத்தனார் ஒப்புகைச் சீட்டை அச்செடுத்து, நான்காக மடித்து, பைக்குள் வைத்து, மறுபடி எடுத்துப் பார்த்தாள். இருவரும் கட்டடத்தை விட்டு இறங்கும்போது அவள் கால் தரையில் பாவவில்லை. யானையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். மதியத்திலிருந்து கைப்பேசியை அணைத்து வைத்திருந்ததால் மின்னஞ்சலைப் பார்த்திருக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்ப்பாள் என்று அண்ணிக்குத் தெரியும்.

"ஆமா, கடைசி வரைக்கும் அது யாருன்னு சொல்லலையே நீங்க" என்றாள் நாத்தனார். "கோட்டு சார்தானே?"

"அவரில்ல." அண்ணி நின்றாள். "நான்."

"நீங்களா?"

"என் கம்ப்யூட்டர். அந்த லிங்க் பாக்கற புரோகிராம். கால் மணிக்கு ஒரு தடவை ஓட விட்டேன்ல, அதுதான் உள்ள உட்கார்ந்துக்கிட்டு இருந்திருக்கு. இன்னைக்கு மத்தியானம்தான் எனக்கே தெரிஞ்சுது."

நாத்தனார் சிரிக்கப் போவது போலத் தெரிந்தது. பிறகு முகம் மாறிவிட்டது. பக்கத்தில் போகிறவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"எட்டு மாசம் அண்ணி" என்றாள். "ரெண்டு தடவை அழுதேன். உங்க மடியிலதான்."

"தெரியும்."

"நீங்களும் அழுதீங்க."

"அதுவும் தெரியும்."

"நாளைக்கு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். அண்ணன்கிட்ட நானே சொல்வேன். அவன் விழுந்து விழுந்து சிரிப்பான்." நாத்தனார் பையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டாள். "இன்னைக்கு மட்டும் கொஞ்சம் கோவமா இருந்துக்கறேன்."

"இருந்துக்கோ" என்றாள் அண்ணி.

நாத்தனார் வேகமாக முன்னால் நடந்தாள். அண்ணி கூப்பிடவில்லை. நாலடி பின்னாலேயே போனாள். சாலையைக் கடக்கும் இடம் வந்தபோது வண்டிகள் நின்று வழி விட்டிருந்தன. நாத்தனார் போகாமல் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணி பக்கத்தில் வந்து சேரும் வரை நின்றாள். பிறகு இருவரும் சேர்ந்து கடந்தார்கள்.